பால் வாசம்

பால். சந்தேகமே இல்லை, பாலேதான்.

நாக்கில் பட்டதை ஈஸ்வரி கொல்லைப்பக்கம் ஓடிப்போய்த் துப்பினாள். கணவருக்குக் கொடுத்தது போகப் பாத்திரத்தில் மிச்சமிருந்த ஒரு வாய் டீயைக் கொட்ட மனசில்லாமல் வாயில் ஊற்றிப் பார்த்ததுதான் வினை. பார்க்க வெறும் மஞ்சள் தண்ணீர். வாயில் வைத்தால், சுண்டக் காய்ச்சிய பாலின் ஏட்டை வழித்துத் தின்ற மாதிரி இருந்தது.

பத்து நாளாக இதைத்தான் அவருக்குப் போட்டுக் கொடுக்கிறாள்.

நடராசன் பாலைத் தொட்டு மூன்று வருஷம் ஆகிறது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஈஸ்வரிக்கு நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றிய அன்று, மனுஷன் பஸ் ஏறித் திருவிடைமருதூருக்கு வந்து மகாலிங்கசாமி முன்னால் நின்றார். "அவ பொழச்சு வந்தாப் போதும். சாகுறவரைக்கும் பாலைத் தொடமாட்டேன்" என்று வேண்டிக்கொண்டார். அவள் பிழைத்து வந்தாள்.

விட்டது லேசுப்பட்ட விஷயமில்லை. உரம் வாங்கக் கும்பகோணம் போனால், உரக்கடைக்குப் போகும் முன்னால் காபிக் கடையைத் தேடுகிற ஆள் அவர். இப்போது வரக்காபியைக் கஷாயம் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். ஈஸ்வரிக்குப் பார்க்கப் பொறுக்காது. அவள் பால் காபியை அடுப்படியிலேயே நின்று, வாசம் கூடத்துக்குப் போகாமல் குடித்து முடித்துவிடுவாள். தன் உயிருக்கு அவர் நாக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது என்ற உறுத்தல் அவளைவிட்டுப் போனதே இல்லை.

அதனால்தான் தைவானில் வேலை பார்க்கும் மகன் பிரபு, "பால் ஊத்தாமக் குடிக்கிற டீம்மா, அப்பாவுக்குப் போட்டுக் குடு" என்று ஒரு டப்பாவைக் கொடுத்தனுப்பியபோது சந்தோஷமாகப் பிரித்தாள். மிளகு மாதிரி சுருண்டு கிடந்த இலைகள் வெந்நீரில் விரிந்தன. "பிரபு அனுப்புன டீ" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தாள்.

முதல் வாய் குடித்ததும் நடராசன் டம்ளரையே பார்த்தார். காலி செய்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் இருக்கா?" என்றார். வேண்டுதலுக்குப் பிறகு அவர் இரண்டாவது டம்ளர் கேட்டது அன்றுதான்.

அப்புறமும் அந்த டீயைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. குடித்து முடித்ததும் தினமும் அவர் கேட்பது வேறு. "ஒனக்கு மூச்சு கீச்சு வாங்கலையே? நெஞ்சு படபடன்னு இல்லையே?" அடுத்த வாரம் செக்கப் வருகிறதே, அந்தக் கவலை என்று ஈஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

இப்போது அந்த டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாமிக்குச் சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். கட்டிய பெண்டாட்டி கெடுத்துவிட்டாள், அதுவும் தன் கையாலேயே. செக்கப்பில் டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டால் தன் உயிர்கூடப் பெரிதில்லை, நம்பிக் குடித்த மனுஷன் முகத்தில் எப்படி முழிப்பது?

பிரபுவுக்குப் போன் போட்டாள்.

"ஏண்டா, எலையப் பால்ல ஊற வச்சா காய வைக்கிறானுங்க?"

"யாரும்மா சொன்னா?"

"என் நாக்கு சொல்லுதுடா. அப்பா வேண்டுதல் தெரிஞ்சிருந்தும் இப்படிப் பண்ணிட்டியே."

பிரபு சிரித்துவிட்டான். "அம்மா, அது ஊலாங் டீ. அந்தச் செடியோட எலைக்கே அந்த வாசம். வாட வச்சு, சூடு காட்டி, உருட்டுறாங்க, அவ்வளவுதான். பாலும் கெடையாது, பால் பவுடரும் கெடையாது. அப்பாவுக்குங்கிறதால தோட்டத்துக்கே போய், நேர்ல பாத்து வாங்குனேன்."

"சத்தியமா?"

"ஒம்மேல சத்தியமாம்மா."

ஈஸ்வரி கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உடனே அடுப்பில் வெந்நீரை வைத்தாள்.

குறுவைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு நடராசன் மண்வெட்டியோடு வந்தார். அவர் கால் கழுவிவிட்டு வந்து உட்காரும்வரைகூட அவளால் பொறுக்க முடியவில்லை. டம்ளரைக் கையில் திணித்தாள்.

"ஏங்க, ஒரு கூத்தைக் கேளுங்க. இன்னைக்குத்தான் இந்த டீயை நான் வாயில வச்சேன். பால்தான்னு பதறிப்போயிப் பிரபுவைக் கூப்புட்டேன். ஒரு சொட்டுப் பால் கெடையாதாங்க. எலையோட வாசமே அப்படியாம். ஒங்க வேண்டுதலுக்கு ஒரு கொறையும் வரல."

நடராசன் சிரிக்கவில்லை. உதடுவரை கொண்டுபோன டம்ளரைத் தரையில் வைத்தார்.

"பாலே இல்லையா?"

"இல்லைங்கிறேன். நிம்மதியாக் குடிங்க." ஈஸ்வரி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆனாலும் இம்புட்டுப் பால் வாசம் வருது, ஒருநாள்கூட நீங்க என்னன்னு கேக்கலையே. எம்மேல அவ்வளவு நம்பிக்கையா?"

அவள் ரவிக்கைக்கு மேலே தெரிந்த ஆப்பரேஷன் தழும்பை நடராசன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"கேட்டா பால்னு சொல்லிருவியேன்னுதான் கேக்கல, ஈஸ்வரி."