காத்திருப்பில் ஒரு அப்பா

முப்பது வருட ஆராய்ச்சியில் பேராசிரியர் மாசிலாமணி எழுதிய ஒரு விதிதான் உலகமெங்கும் ஓடியது. ஓர் இணையச் சேவை மூன்று அழைப்புக்குப் பதில் தராவிட்டால், அதே வேலையைச் செய்யும் இன்னொன்றை அந்த இடத்தில் வைத்துவிட வேண்டும். அழைத்தவருக்கு மாற்றம் தெரியவே கூடாது. பிற்பாடு தொலைபேசிக்காரர்கள் அதை மனிதர்களுக்கும் பொருத்தினார்கள். அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த விதிக்காக அவர் மேடையில் விருது வாங்கிக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டில், பெர்த் நகரில் இருக்கும் மகள் தாரகை மூன்று முறை அழைத்திருந்தாள். இறங்கி வந்து திரும்பக் கூப்பிட்டார். லைன் போகவில்லை, மெயிலும் போகவில்லை. சேவை மையத்துப் பெண் பணிவாகச் சொன்னாள்.

“உங்க எடத்துல வேற அப்பா போட்டாச்சு சார். உங்க குரல்தான். நல்லாத்தான் பேசுறாரு.”

“நான்தாம்மா அவளப் பெத்தவன்!”

“புரியுது சார். அவரு நின்னுபோனா அடுத்தது நீங்கதான். அதுவரைக்கும் காத்திருப்புல இருங்க. நீங்க எழுதுன விதிதானே சார்?”

அவர் எழுதியதுதான். மூன்று மாதம் காத்திருந்தார்.

தீபாவளிக்கு மகளிடமிருந்து பார்சல் வந்தது. நீலச் சட்டை ஒன்று, அதன் பைக்குள் ஒரு சீட்டு.

‘அப்பா, நீங்க சொன்ன அளவுலயே எடுத்திருக்கேன். முன்னெல்லாம் போனையே எடுக்க மாட்டீங்க. வயித்துல இருந்த குழந்தை போன அன்னிக்கு எடுத்தீங்களே, நான் அழுது முடிக்கிற வரைக்கும் வைக்காம இருந்தீங்களே, அது போதும்ப்பா எனக்கு.’

அவள் வயிற்றில் குழந்தை இருந்ததே அவருக்குத் தெரியாது.

சட்டையைப் போட்டுப் பார்த்தார். அளவு கச்சிதமாக இருந்தது.