பயன்பாட்டில் உள்ளது

குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போகும் மாடுகள் கிணற்றடித் தொட்டியில் நீர் குடித்துக்கொண்டிருந்தன. இறைவழியில் தானமாக விடப்பட்ட வக்ஃபு சொத்துகளைக் கணக்கெடுக்க வந்த கலீல் படிவத்தைப் பிரித்தார்.

"யார் பேர்ல வக்ஃபு செஞ்சதும்மா?"

"மெஹபூப் பேர்லங்க," என்றாள், கிணற்றைப் பார்த்துக்கொள்ளும் சுக்ரா.

'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதிவிட்டு, ஆழம் பார்க்க வாளியை இறக்கினார்.

"வேணாங்க!"

வாளி பாறையில் மோதியது. உள்ளே பொட்டுத் தண்ணீர் இல்லை.

"அப்ப தொட்டியில இருக்கறது?"

"பக்கத்துக் கம்பெனிக்காரங்க போர் போட்டதும் கெணறு வத்திடுச்சு. ஆறு வருசமா ஏரியிலருந்து நான்தான் சொமந்து ஊத்தறேன்."

கலீல் எழுதியதை அடிக்கப் போனார். அவள் படிவத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வத்திடுச்சுன்னு எழுதிடாதீங்க, மூடிடுவாங்க. மாடுங்க இதுல தண்ணி குடிக்கிற வரைக்குந்தான், கபர் குழியில கெடக்கற எம் மவன் மெஹபூபுக்கு நன்மை போய்ச் சேரும்."