எச்சில் சாட்சி

என் மகள் மாரிக்கனி பதினோரு வருடமாக ஒரே மனநல மாத்திரையில் நன்றாக இருந்தாள். தையல் கடைக்குப் போனாள், வந்தாள், எங்களோடு சண்டையும் போட்டாள். அப்புறம் ஆஸ்பத்திரியில், யாருக்கு எந்த மாத்திரை பொருந்தும் என்று பார்க்க, நோயாளிகள் எல்லோருடைய எச்சிலையும் வாங்கி ஜீன் சோதனை செய்தார்கள்.

“பெரியவரே, இந்த மாத்திரை உங்க மக உடம்புல வேலை செய்யாது. நிறுத்துறோம்” என்றார் டாக்டரம்மா.

“பதினோரு வருஷமா வேலை செஞ்சுதேம்மா.”

“அது உங்களுக்கு அப்படித் தோணியிருக்கு. ரிப்போர்ட்ல இல்லையே.”

எங்களுக்குத் தோன்றியதுதான் தப்பு. புது மாத்திரை ரிப்போர்ட்டுக்கு ரொம்பப் பொருந்தியது. மூன்றாவது வாரம் மாரிக்கனி, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நடு ரோட்டில் போய் நின்றாள்.

மறு சோதனை கேட்டேன். வீட்டுக்குக் குழாய் அனுப்பினார்கள். மகள் பெயர் எழுதிய குழாயில் என் மனைவி சொர்ணம் துப்பினாள். பழைய மாத்திரையே பொருந்தும் என்று பதில் வந்தது.

“பாத்தீங்களா, சோதனை பொய் சொல்லாது” என்றார் டாக்டரம்மா.

“அது எப்படிம்மா சொல்லும்” என்று கும்பிட்டேன்.

இனி வருடா வருடம் சோதனை உண்டாம். சொர்ணத்துக்கு அறுபத்தொன்பது வயது. ஐம்பது வருடமாக அவளை ஏனென்று கேட்காத நான், இப்போது அவள் இருமினாலே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.