நூல் அளவு இடைவெளி

ஒரு மழைநாள் மத்தியானம் வயலினும் வீணையும் சேர்ந்து பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தன. ரிஷபம், காந்தாரம் என்ற இரண்டு சுரங்களுக்கு நடுவே பேரில்லாத ஓர் ஒலி உண்டே, அதில்தான் பாட்டை முடிக்க வேண்டுமென்று வயலினுக்கு ஆசை.

"நீ ஒரு நூல் மேலே நிக்கிறே," என்றது வயலின்.

"நான் சரியாத்தான் நிக்கிறேன். நீதான் ஒரு நூல் கீழே," என்றது வீணை.

பேச்சு தடித்தது. "இனி உன்னோட வாசிச்சா கேளு!" என்று வீணை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வயலினுக்கு மனசு கேட்கவில்லை. பாட்டு பாதியில் நிற்கிறதே! நாமே விட்டுக்கொடுப்போம் என்று, வாசித்துக்கொண்டே வீணை இருந்த சுருதியை நோக்கி மெல்ல மேலேறியது. அதே நேரம் வீணையும் இழுத்த தந்தியைத் தளர்த்தி, மீட்டியபடியே, சொல்லாமல் கீழே இறங்கிவந்தது.

அப்போது இரண்டுக்கும் நடுவே ஏதோ அலையடித்தது. அது வயலினின் குரலுமில்லை, வீணையின் குரலுமில்லை. தூங்கும் குழந்தையின் மார்பு போல ஏறி இறங்கியது. இரண்டும் நெருங்க நெருங்க, அந்த அலையின் வேகம் தணிந்துகொண்டே வந்தது. இன்னும் மயிரிழைதான் பாக்கி.

ஒன்றாகிவிட்டால் அந்த அலையே நின்றுபோகுமே என்று வயலின் பதறிப்போனது.

"அங்கேயே நில்லு. வந்து சேர்ந்துடாதே!"