வான்கோழியை யார் வெட்டுவது?

"மெதுவாடா! அது என் தோள்டா, லாயத்துக் கதவு இல்ல."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான் கிளைட். அமெரிக்காவில், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி ஒருவரையொருவர் முட்டித் தள்ளும் அந்த ஊர்க் கால்பந்தை ஆடும் எல்ம்ரிட்ஜ் கல்லூரி அணியின் கேப்டன். அவனுக்குக் கோட்டு மாட்டிவிட்டுக்கொண்டிருந்த ஓடிஸ், அணியிலேயே பெரிய உடம்புக்காரன். வாய் அதைவிடப் பெரிசு.

"தோள்பட்டை எலும்பு துருத்திக்கிட்டு நிக்குதே. உடைஞ்சேதான் போச்சு."

"வாயைக் கழுவு. பிரின்சிபால் காதுல விழுந்துச்சோ, அடுத்த வருஷம் நீயும் நானும் மைதானத்துல புல்லு பிடுங்க வேண்டியதுதான்."

செப்டம்பரிலேயே பிரின்சிபால் வின்ஸ்லோ சொல்லிவிட்டார். "நாடு முழுக்க இந்த ஆட்டத்தில பசங்க செத்துக்கிட்டிருக்காங்க. இந்த சீசன்ல ஒருத்தனுக்கு எலும்பு முறிஞ்சாலும் சரி, 1908-தான் இங்கே ஃபுட்பாலுக்குக் கடைசி வருஷம்."

சொன்னதோடு விடவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து, கறுப்புக் கோட்டின் பைகளில் கைகளை விட்டபடி ஓரமாக நின்றார். அவர் ஆட்டத்தைப் பார்க்க வரவில்லை, யார் விழுகிறான் என்று பார்க்கத்தான் வருகிறார் என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள்.

முதல் ஆட்டத்தில் செமத்தியாகத் தோற்றார்கள். இரண்டாவதில் அடித்த மழையில் எவன் எந்தக் கட்சி என்றே தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை; அப்படியே ரயிலேறி ஊர் திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் ஜெயிக்க ஆரம்பித்தார்கள். அடிபடாமல் தலையைக் காக்கும் தோல் தொப்பி வாங்க வசதியில்லாததால் முடியை வளர்த்துக்கொண்டு ஆடினார்கள். மூக்கு வீங்கியது, பல் ஆடியது. எலும்பு மட்டும் தப்பித்துக்கொண்டே வந்தது.

இன்று பிற்பகல், வீட்டுக்கு வீடு வான்கோழி விருந்து நடக்கும் நன்றித் திருநாளின் ஆட்டம். ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் கல்லூரியோடு. கடைசி நேரத்தில் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடிய கிளைட், எல்லைக்கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தான். அவன்மேல் ஆறு பேர் விழுந்தார்கள். ஜெயித்தாகிவிட்டது, தோள்தான் போய்விட்டது.

ஆட்டம் முடிந்ததும் பிரின்சிபால் வீட்டில் அணிக்கு விருந்து. அது பழைய வழக்கம். வாசலில் நின்று ஒவ்வொருவனுக்கும் கை கொடுத்து வரவேற்பவர், இன்று தலையை மட்டும் அசைத்தார். கையை நீட்ட வேண்டியதில்லை என்றதும் கிளைட்டுக்குப் போன உயிர் வந்தது.

அது அதிக நேரம் நிற்கவில்லை. பிரின்சிபாலின் மனைவி லெட்டி, ஆவி பறக்கும் வான்கோழியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அதை வெட்டுவது எப்போதும் பிரின்சிபால்தான். அந்தக் கத்தியை லெட்டிகூடத் தொட்டது கிடையாது.

"கிளைட், இந்த வருஷம் நீ வெட்டு," என்றார்.



"கண்டுபிடிச்சுட்டார்டா கிழவர்," என்று முணுமுணுத்தான் ஓடிஸ்.

"சார்... நீங்க வெட்டினாத்தான் சார் அது வான்கோழி மாதிரியே இருக்கும்," என்றான் கிளைட்.

"ஐஸ் வைக்காதே. வெட்டு."

ஓடிஸ் துள்ளி எழுந்தான். "நான் வெட்டறேன் சார்! எங்க வீட்ல எப்பவும் நான்தான். எங்கப்பா கசாப்புக்கடை வெச்சிருக்கார்."

"உங்கப்பா பாதிரியார் இல்லையா?"

"அது... ஞாயித்துக்கிழமை மட்டும் சார்."

சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே ஓடிஸ் வான்கோழிமேல் பாய்ந்தான். அவனிடம் மாட்டிய எதிரணிக்காரன் கதிதான் அதற்கும். ஒரு கால் பறந்துபோய்க் குழம்புக் கிண்ணத்தில் விழுந்தது.  பிரின்சிபால் சரியாகச் சாப்பிடவில்லை. முள்கரண்டியால் கிளறியபடி கிளைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசணி இனிப்பும் காலியான பிறகு தொண்டையைக் கனைத்தார். "கேப்டன், எழுந்திரு. சீசன் முடிஞ்சுது. நான் வெச்ச நிபந்தனை ஞாபகம் இருக்கா?"

கிளைட் எழுந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. ஓடிஸ் மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தான். ஆனால் கிளைட்டுக்குப் பொய் வரவில்லை.

"சார், எனக்கு..."

"உனக்கு இன்னும் பசிக்குது. தெரியுது, உட்காரு," என்று வெட்டினார் பிரின்சிபால். "அடுத்த வருஷமும் ஆடுங்க. எல்லாருக்கும் தோல் தொப்பி கல்லூரியே வாங்கித் தரும். அந்தத் தலைமுடியை முதல்ல வெட்டுங்க, பார்க்கச் சகிக்கல."

கூரை அதிர்ந்தது. யாரோ கிளைட்டின் தோளில் ஓங்கித் தட்ட, அவன் அலறினான். அது சந்தோஷக் கூச்சல் என்று நினைத்து மற்றவர்கள் இன்னும் பலமாகக் கத்தினார்கள்.

பையன்கள் பாடிக்கொண்டே போனதும் லெட்டி கதவைச் சாத்தினாள்.

"அந்தக் கிளைட்டுக்குத் தோள் முறிஞ்சிருக்கு. எனக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியலையா? டாக்டரை அவன் ரூமுக்குப் போகச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கேன்."

"நல்ல காரியம். அப்படியே இங்கேயும் வந்துட்டுப் போகச் சொல்லு."

"இங்கே எதுக்கு?"

பிரின்சிபால் கோட்டுப் பையிலிருந்து வலது கையை மெல்ல வெளியே எடுத்தார். மணிக்கட்டு நீலம் பாரித்து, சுரைக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"காலைல நீ அடுப்படியில இருந்தப்ப, தோட்டத்துல லத்தீன் வாத்தியார் பந்தை வீசினார் லெட்டி. கீழே விழுந்துட்டேன்," என்றவரின் முகம் முழுக்கச் சிரிப்பு. "ஆனா பந்தை விடலையே!"