அண்டா மூடியின் மூன்றாம் பூச்சு

அலுமினியத்தில் பெயிண்ட் ஒட்டாது என்பது உலகம் நெடுங்காலமாகச் சுமந்துவரும் பிழை. அதைத் திருத்துவது நம் கடமை. வழவழப்பில்தான் ஒட்டாது.

நாடகத்தில் ராஜாவின் கேடயமாகப் போகவிருந்த அண்டா மூடியின் மேல், தங்க நிறப் பெயிண்ட் இரண்டு முறை உரிந்துவிட்டது.

"அடுப்படிக்கே போங்கண்ணே, சாம்பார் ஆறுது" என்றது அட்டை வாள்.

"கொஞ்சம் தேய்ச்சு விடட்டுமா, தம்பி?" என்று கேட்டது உப்புத்தாள்.

"ஐயோ, என் பளபளப்பு போயிடுமே!"

"அதை எப்படியும் பெயிண்டுக்கு அடியிலதானே வைக்கப்போறே?"

மூடி பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைக் காட்டியது.

மூன்றாம் பூச்சு உட்கார்ந்துவிட்டது. மேடையில் அட்டை வாள் ஓங்கி வெட்டியது. ஒரு பொட்டுத் தங்கம்கூட உதிரவில்லை. வாள்தான் இரண்டாக மடிந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

அந்தக் காட்சியில் சாகவேண்டிய ராஜா சாகவில்லை.