நாற்பத்தைந்து கிலோ பூனை

"எல்லாரும் வெளியே வந்துடுங்க. குளியல் நேரம்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பெண் இப்படிச் சொல்லிவிட்டால், மிருக ஆஸ்பத்திரியில் யாரும் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. குளியல், நாய்க்கோ பூனைக்கோ இல்லை. டேட்டாபேஸுக்கு.

டாக்டரம்மாவின் கணவருக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சில மாதங்களாக முன் கவுன்ட்டரில் அவரும் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து, வருகிற பிராணிகளின் பெயர், எடை, ஊசி விவரம் எல்லாம் பதிந்து கொடுக்கிறார்.

"ஒரு மணி நேரம் அப்படி என்னம்மா செய்யறே?"

"அழிச்ச பதிவெல்லாம் உள்ளே இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கும் சார். அதை எடுத்துட்டு ஃபைலைச் சுருக்கணும். அப்புறம் பேக்கப். யாராவது உள்ளே இருந்தா நடக்காது."

சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கம்பவுண்டர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "முன்னெல்லாம் பத்து நிமிஷம்தான் சார். கொஞ்ச நாளாத்தான் இப்படி இழுக்குது."

தணிக்கை அதிகாரிக்கு மூக்கில் வியர்த்தது.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் பேச்சை எடுத்தார். "பத்து நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம் எதுக்கு?"

"ஏதாவது வேலை இருக்கும். எதையும் தோண்டிக்கிட்டே இருக்காதீங்க" என்றாள் டாக்டரம்மா.

தோண்டாதே என்றால் கை சும்மா இருக்குமா?

மறுநாள் பிரின்டரைப் பார்க்க வந்த கம்ப்யூட்டர் மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, பேக்கப் எடுத்து வச்சா மட்டும் போதுமா? அது திறக்குதான்னு பாக்க வேண்டாமா?"

"கண்டிப்பா பாக்கணும் சார். நிறைய பேர் அதைத்தான் விட்டுடறாங்க. தேவைப்படற அன்னிக்குத் திறக்காது."

"அப்ப வியாழக்கிழமை ராத்திரி தானா சேவ் ஆன காப்பியையும், வெள்ளிக்கிழமை காப்பியையும் திறந்து காட்டு. என்ன மாறியிருக்குன்னு தெரியணும்."

மெக்கானிக் மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் இரண்டையும் ஏற்றினான். மாறின இடமெல்லாம் மஞ்சள் நிறத்தில் வரும்படி வைத்துவிட்டுப் போனான்.

திரை முழுக்க மஞ்சள் பூத்துக் கிடந்தது.

ஃபோன் நம்பர்கள் மாறியிருந்தன. முயலுக்குப் போட்டதாக இருந்த நாய் ஊசி, நாய்க்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு பூனையின் எடை வியாழக்கிழமை நாற்பத்தைந்து கிலோ. வெள்ளிக்கிழமை நாலரை கிலோ.

அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே விஷயமும் புரிந்துவிட்டது. வாரம் முழுக்கத் தப்புத் தப்பாகப் போடுவது, வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு பூசி மெழுகுவது. அதற்குப் பெயர் குளியல்.

பெண்ணை அழைத்துக்கொண்டு நேராக மனைவியின் அறைக்குப் போனார். டாக்டரம்மா ஒரு நாயின் காலுக்குக் கட்டுப் போட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தஞ்சு கிலோவுல பூனை பாத்திருக்கியாம்மா நீ? ஒரு புள்ளி கூடவா கண்ணுக்குத் தெரியாது?"

அந்தப் பெண் டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

"என்னங்க, அது வந்து..." என்று டாக்டரம்மா ஆரம்பித்தாள்.

"என் தப்புதான் சார்" என்று அந்தப் பெண் குறுக்கே புகுந்தாள். "இனிமே கவனமா இருக்கேன்."

"கவனமா? அந்த எடையை நம்பி மருந்து கொடுத்திருந்தா பூனை பிழைச்சிருக்குமா? இவளை முதல்ல வேலையை விட்டு அனுப்பு."

"மருந்து எழுதறதுக்கு முன்னாடி நானே எடை போட்டுப் பாத்துடுவேன்" என்றாள் டாக்டரம்மா, ஈரக் கையைத் துடைத்தபடி. "இதை இதோட விடுங்க."

விடுவதா? அத்தனையையும் அச்சடித்து மேஜையில் போட்டால்தான் மனைவிக்கு உறைக்கும் என்று பழைய கம்ப்யூட்டருக்குத் திரும்பினார்.

தாளுக்குள் அடங்குமா என்று பார்க்கத் திரையை வலப்பக்கம் நகர்த்தினார். இதுவரை கண்ணில் படாத கடைசிக் கட்டம் வந்து நின்றது. 'பதிந்தவர்' என்று தலைப்பு.

பூனைக்கு நேரே அவர் பெயர் இருந்தது.

முயலைப் பார்த்தார். அவர் பெயர். ஃபோன் நம்பர்களைப் பார்த்தார். கீழே, இன்னும் கீழே என்று போனார். மஞ்சள் இருந்த வரியில் எல்லாம் அவர் பெயர்தான்.

பிறகு எழுந்து கவுன்ட்டருக்குப் போனார். அந்தப் பெண் தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தாள்.

"உன் தப்புன்னு ஏம்மா சொன்னே?"

அவள் கையிலிருந்த வேலையை நிறுத்தினாள்.

"டாக்டரம்மா முதல்லயே சொல்லி வச்சிருந்தாங்க சார். 'பதிவைத் திருத்திடு, அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே. வேலை இல்லாம வீட்டுல உக்காந்திருந்தப்ப அவர் முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்'னு."